அடகுக்குப் போன தொலைபேசி எண்கள்

கென்யாவில் கைப்பேசியில் பேலன்ஸ் தீர்ந்துவிட்டால் 'ஒகோவா ஜஹாஸி' என்றொரு சேவை உண்டு. ஸ்வாஹிலி மொழியில் 'படகைக் காப்பாற்று' என்று பொருள். 100 ஷில்லிங் கேட்டால் 90 வரவாகும். திருப்பித் தர வேண்டியது 100. வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்கும் தண்டல்காரரைப் பார்த்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆனால் அங்கே வட்டி என்ற சொல்லே வருவதில்லை. அதற்குப் பெயர் கட்டணம்.

2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவையைத் தொடங்கியது. நைரோபியில் வேலை பார்ப்பவர் ஊருக்குப் பணம் அனுப்ப அதுவரை பெரும்பாலும் பஸ்காரரையோ தெரிந்தவரையோ நம்ப வேண்டியிருந்தது. எம்-பெசா வந்தபின் ஒரு குறுஞ்செய்தி போதும். ஊர்க் கடைக்காரரே முகவர். ஏறக்குறைய 1,94,000 குடும்பங்கள் இதனால் வறுமையிலிருந்து மீண்டதாக 2016இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்த நன்மையில் சந்தேகமில்லை. சிக்கல், பணம் வந்த அதே வாய்க்காலில் கடனும் வரத் தொடங்கியபோது முளைத்தது.

2012 நவம்பரில் ஒரு வங்கியின் துணையோடு 'எம்-ஷ்வாரி' வந்தது. ஜாமீன் இல்லை, படிவம் இல்லை. 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதக் கட்டணம். ஆயிரத்துக்கு 75 என்றால் சிறியதாகத்தான் தெரியும். மாதாமாதம் வாங்கிக் கட்டுபவருக்கு அது ஆண்டுக்கு 90 சதவீதம். 2016இல் கென்யா, வங்கி வட்டிக்கு உச்சவரம்பு விதித்தபோதும் இந்த 7.5 அசையவில்லை. இது வட்டியல்ல, கட்டணம் என்பதே வங்கியின் வாதம். 2019இல் அந்த உச்சவரம்பே நீக்கப்பட்டது.

ஸ்மார்ட்போன் பரவியதும் வங்கியல்லாத கடன் செயலிகள் படையெடுத்தன. செயலியை நிறுவும்போது ஒரு கேள்வி வரும்: தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் பார்க்க அனுமதிக்கலாமா? அவசரத்தில் இருப்பவர் 'அனுமதி' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவார். அடகுச் சீட்டில் கையெழுத்து விழுவது அந்த நொடியில்தான். தவணை தவறினால் சில செயலிகளின் வசூல் ஆட்கள் கடனாளியின் முதலாளியை, மாமியாரை, நண்பரைக் கூப்பிட்டார்கள். கடன் வாங்காத அவர்களுக்கும் மிரட்டல் செய்திகள் போயின.

கடன் தகவல் பதிவகங்களில் பெயர் கெட்டவர்கள் இன்னொரு கூட்டம். 2016 முதல் 2018 வரை வாங்கிய கைப்பேசிக் கடன்களில் சுமார் 22 லட்சம் பேர் தவணை தவறியவர்கள் என்றது மைக்ரோசேவ் நிறுவனத்தின் ஆய்வு. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் பாக்கி 10 டாலருக்கும் குறைவு. 1,000 ஷில்லிங்குக்குக் கீழான பாக்கிக்குக் கரும்புள்ளி வைக்கக் கூடாது என்று மத்திய வங்கி தடுத்தது 2020 ஏப்ரலில்தான்.

வங்கியல்லாத கைப்பேசிக் கடன் நிறுவனங்கள்மீது மத்திய வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம் 2021 டிசம்பரில் வந்தது. 2022 செப்டம்பரில் உரிமம் கேட்டு நின்ற 288 நிறுவனங்களில் 10க்குத்தான் அது கிடைத்தது. தொடர்பு எண்களை எடுத்து மிரட்டிய ஒரு நிறுவனத்துக்கு 2023இல் தகவல் பாதுகாப்பு ஆணையர் விதித்த அபராதம் ஏறக்குறைய 30 லட்சம் ஷில்லிங். எல்லாம் நடந்தது, ஆனால் பெயர் கெட்ட பிறகு.

இந்தியாவிலும் 'லோன் ஆப்' கொடுமைகள் பெருகிய பிறகே, 2022 செப்டம்பரில், ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. கடன் செயலி தொடர்புப் பட்டியலையோ புகைப்படங்களையோ அழைப்புப் பதிவையோ தொடக் கூடாது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் உரிமமில்லாத செயலி எந்த விதியையும் படிப்பதில்லை.

நகையை அடகு வைத்தவர் இழக்கக்கூடியது தன் நகையை. 'அனுமதி'யைத் தொட்டவர் அடகு வைப்பது அடுத்தவர்களின் எண்களை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கடன் கொடுக்கும் செயலி தொடர்புப் பட்டியலையும் சேர்த்துக் கேட்டால், வசூலுக்கு எங்கே போகப்போகிறது என்பதை அது முதல் திரையிலேயே சொல்லிவிட்டது.