ஒழுகும் சுவரும் பதினோரு மாதப் பத்திரமும்

ஜூனில் மழை பிடித்துவிட்டால் ஹைதராபாத்தின் கண்டோன்மென்ட் பகுதியான திருமுல்கேரியில் வாடகைக்கு இருப்பவர்களின் கவலை மொட்டைமாடியிலிருந்து இறங்கத் தொடங்கும். லால் பஜாரை ஒட்டிய சந்துகளில் பட்டாளத்து உத்தியோகத்தோடு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பழைய வீடுகளில் தளம் விரிசல் விட்டு, சுவரில் ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். ஓனரிடம் சொன்னால் “மழை நிக்கட்டும், பார்க்கலாம்” என்பார். மழை நின்றதும் சுவர் காயும், பேச்சும் அதோடு போய்விடும். ஆஸ்துமா உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த அறையில் படுப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

“ரென்ட் கண்ட்ரோல் கோர்ட்டுக்குப் போவேன்” என்று கோபத்தில் சொல்பவர்கள் அதிகம். 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தெலங்கானாவுக்கும் வந்தது உண்மைதான். ஆனால் 2005-ல் வந்த திருத்தத்தின்படி, மாநகராட்சி எல்லைக்குள் மாதம் 3,500 ரூபாய்க்கு மேலும், மற்ற இடங்களில் 2,000 ரூபாய்க்கு மேலும் வாடகை உள்ள கட்டடங்களுக்கு அது பொருந்தாது. இன்றைய ஹைதராபாத்தில் அந்த வாடகைக்கு எந்த ஃபிளாட் கிடைக்கும்? நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது.

மிஞ்சுவது 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். அதன் 108-வது பிரிவு ஒரு வழி காட்டுகிறது: ஓனர் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை, நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துவிட்டுச் செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இதில் ‘கடமைப்பட்ட’ என்பதுதான் முக்கியம். எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று அந்தச் சட்டம் பட்டியல் போடவில்லை. பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் கடமையைக் காட்ட முடியும். நம் கையில் இருப்பதோ, பதிவுச் செலவைத் தவிர்க்கப் பதினோரு மாதத்துக்குப் போட்ட, ஜெராக்ஸ் கடையில் வாங்கிய அச்சுப்படிவம். வாடகைத் தேதியும் அட்வான்ஸும் அதில் தெளிவாக இருக்கும். ஒழுகினால் யார் பார்ப்பது என்று ஒரு வரி இருக்காது.

அந்த வரியை எழுதுவது கடினமே இல்லை, மாதிரி தயாராக இருக்கிறது. 2021-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணை வேலையைப் பிரித்துத் தருகிறது. கட்டடத்தின் கட்டுமான ரிப்பேர், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை ஓனருக்கு. டேப் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கீசர் போன்றவை குடியிருப்பவருக்கு. இதே போன்ற பிரிவினையைத் தமிழ்நாடு 2017-லேயே தன் சட்டத்தில் சேர்த்திருந்தது. மாதிரிச் சட்டத்துக்குத் தானாக எந்த மாநிலத்திலும் வலு இல்லை என்றாலும், இருவரும் கையெழுத்திட்ட பத்திரத்தில் அதே பிரிவினையை எழுதிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. அட்வான்ஸ் கைமாறும் முன்பு கேட்டால் ஓனரும் பெரும்பாலும் சம்மதிப்பார். அப்போதுதான் அவருக்கு நாம் தேவை.

ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள் வாடகையை நிறுத்திவிடக் கூடாது என்பேன். ஓதம் பிடித்த சுவர் பற்றிய வழக்கு, நிறுத்திய அன்றைக்கே வாடகை பாக்கி வழக்காகிவிடும். அதோடு, மாதக் குடித்தனத்தைப் பதினைந்து நாள் நோட்டீஸில் முடிக்கச் சட்டம் இடம் தருகிறது. வாயை மூடிக்கொண்டு பலர் இருப்பதற்கு இந்தப் பயம்தான் காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. அதனால் முதல் கடிதத்தைச் சண்டைக் கடிதமாக எழுத வேண்டாம். தேதி போட்ட படங்கள், மேஸ்திரி எழுதித் தந்த மதிப்பீடு, “இந்தத் தேதிக்குள் செய்து தாருங்கள் அல்லது நான் செய்து வாடகையில் கழிக்கச் சம்மதம் எழுதுங்கள்” என்ற ஒரு கோரிக்கை. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் ஒரு பிரதி போகட்டும். “சரி, கழிச்சுக்கோங்க” என்று அவர் பதில் போட்டால், அதன் பிறகு மேஸ்திரியைக் கூப்பிடலாம்.

கண்டோன்மென்ட் பகுதியில் இன்னொரு பதிலும் வரும்: “போர்டு பர்மிஷன் வேணும்.” புதிதாகக் கட்டவும் மாற்றிக் கட்டவும் 2006-ம் ஆண்டின் கண்டோன்மென்ட் சட்டப்படி அனுமதி தேவைதான். விரிசலை அடைத்துப் பூசுவது மாற்றிக் கட்டுவது ஆகுமா என்று போர்டு அலுவலகத்திலேயே எழுதிக் கேட்டு, வரும் பதிலை ஓனரிடம் நீட்டலாம். மொட்டைமாடி வேலைக்கு ஜனவரி, பிப்ரவரி தோதான மாதங்கள். கடிதத்தை அதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.