வேதாளம் வைத்த சோதனை

திருந்திவிட்டதாகத் தோன்றிய ஒருவர் மறுபடியும் பழைய குணத்துக்கே திரும்பினால், "வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிட்டது" என்கிறோம். இப்பழமொழியை அறியாத தமிழர் அரியர். ஆயின், அவ்வேதாளம் ஏன் மரம் ஏறியது, எத்தனை முறை ஏறியது என்பவற்றை அறிந்தோர் அத்துணைப் பேர் இரார். அதனையே இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

காஷ்மீரத்துச் சோமதேவர், சூரியமதி என்னும் அரசிக்காக 11ஆம் நூற்றாண்டில் இயற்றிய கதாசரித்சாகரம் என்னும் வடமொழிப் பெருநூலில் இக்கதை உண்டு. அங்கே அரசனின் பெயர் திரிவிக்கிரமசேனன். தமிழில் நாம் விக்கிரமாதித்தன் என்போம். அங்கே சிம்சபா மரம், இங்கே முருங்கை.

துறவி ஒருவன் பத்து ஆண்டுகள் நாள்தோறும் அரசவைக்கு வந்து ஒரு கனியைக் கொடுத்துச் செல்கிறான். ஒரு நாள் குரங்கொன்று அக்கனியைக் கடிக்க, உள்ளிருந்து இரத்தினம் உதிர்கிறது. களஞ்சியத்தைத் திறந்து பார்த்தால், முந்திய கனிகளெல்லாம் அழுகிப்போக, மணிகள் குவிந்து கிடக்கின்றன. இவ்வளவு பெற்றுக்கொண்ட பின் துறவி கேட்கும் உதவியை மறுக்க அரசனால் இயலுமோ? துறவியின் பெயர் சாந்திசீலன். பொறுமையே இயல்பாக உடையவன் என்பது வடமொழியில் அதன் பொருள். எத்துணைப் பொருத்தமான பெயர்!

தேய்பிறைச் சதுர்த்தசி இரவில், சுடுகாட்டுக்கு அப்பால் மரத்திலே தொங்கும் பிணத்தைச் சுமந்து வரவேண்டும். அதுவே துறவி வேண்டிய உதவி. பிணத்தினுள் வேதாளம் புகுந்திருக்கிறது. அது வழிநடைக்குக் கதை சொல்லி, முடிவிலே ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் பேசாதிருந்தால் அரசனின் தலை வெடித்துச் சிதறும். பேசினாலோ மௌனம் கலைந்து, வேதாளம் மரத்துக்கே மீண்டுவிடும். அறிவு மிக்கவனுக்கே இப்பொறி. மூடன் ஒருவன் முதல் நடையிலேயே சுமையைக் கொண்டு சேர்த்திருப்பான்.

கேள்விகளும் எளியனவல்ல. வெட்டுண்ட தலைகளை ஒரு பெண் பதற்றத்தில் மாற்றிப் பொருத்திவிடுகிறாள். கணவன் தலை தமையன் உடலிலும், தமையன் தலை கணவன் உடலிலும் அமைந்து இருவரும் உயிர் பெறுகின்றனர். அவளுக்குக் கணவன் யார்? உறுப்புகளுள் தலையே முதன்மையானது, ஆதலின் கணவன் தலையுடையவனே என்கிறான் அரசன். ஜெர்மானிய எழுத்தாளர் தோமஸ் மான் 1940இல் இக்கதையைத் தழுவி நாவலொன்று வெளியிட்டார். அவருக்கு அரசனின் விடை போதுமானதாய்த் தோன்றவில்லை போலும்.

இவ்வாறு 23 முறை அரசன் விடை கூறினான். 23 முறையும் திரும்பி நடந்தான். 24ஆம் கதையில் ஒரு தந்தையும் மகனும் காட்டிலே இரு பெண்களின் அடிச்சுவடுகளைக் காண்கின்றனர். பெரிய சுவட்டினள் தந்தைக்கு, சிறிய சுவட்டினள் மகனுக்கு என்று முடிவாகிறது. நேரிற் கண்டபோதோ, பெரிய பாதம் மகளுடையது; சிறிய பாதம் தாயுடையது. சொன்ன சொற்படியே மணம் நிகழ்கிறது. அவ்விரு தம்பதியர்க்கும் பிறக்கும் பிள்ளைகள் தமக்குள் என்ன முறை? அரசனுக்கு விடை தெரியவில்லை. வாய் மூடி நடந்தான். மன உறுதியால் வாராத மௌனம் அறியாமையால் வந்தது, சோதனையும் கடந்தது.

அவனது துணிவை மெச்சிய வேதாளம் உண்மையை உரைக்கிறது. துறவி வானிற் செல்லும் வித்தியாதரர்க்கு அதிபதியாக விரும்புகிறான். அதற்குப் பலியாக வேண்டியவன் அரசனே. "நிலத்தில் வீழ்ந்து வணங்கு என்பான், எப்படி என்று நீ காட்டு என்று கேள்." அரசன் அவ்வாறே கேட்டான். குனிந்த துறவியின் தலை வாளுக்கு இரையாயிற்று. அவன் நாடிய பதவி, மண்ணுலக ஆட்சிக்குப் பின் அரசனுக்கே உரியதாயிற்று.

வேண்டும் வரம் கேள் என்றது வேதாளம். அந்த 24 கதைகளும், அவ்விரவின் கதையாகிய 25ஆவதும் உலகெங்கும் புகழ்பெற வேண்டும் என்று மட்டுமே அரசன் கேட்டான். தமிழ் வேதாள கதையைப் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் தம் மொழியிற் பெயர்க்க, அது 1831இல் அச்சேறிற்று.