ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லையா? அனுமதியும் அமானிதமும்



காட்டுப்பள்ளி துறைமுகம், மீஞ்சூர், பொன்னேரி பகுதி அலுவலகங்களில் பணியாற்றும் நம் பிள்ளைகளுக்குப் பழகிய சிக்கல் இது: கோப்புகள் லினக்ஸ் சர்வரில் இருக்கும், வேலை செய்வதோ விண்டோஸ் கணினியில். நிக்காஹ் பதிவேட்டையும் சந்தாக் கணக்கையும் கணினியில் ஏற்றும் ஜமாஅத்துகளுக்கும் இது வரலாம். இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்பது சாம்பா என்ற இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-ல் இதைத் தொடங்கினார்.

ஃபோல்டர் திறக்காதபோது "எல்லாருக்கும் திறந்து விடு" என்பதே பலர் செய்யும் வைத்தியம். அது வேண்டாம். வரிசையாகப் பார்ப்போம்.

1. பாதை: "நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை" என்று வந்தால், பெயருக்குப் பதில் சர்வரின் ஐபி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். திறந்தால், கோளாறு பெயரில்தான்.

2. வாசல்: எண்ணிலும் திறக்கவில்லையெனில், சாம்பா சேவை ஓடுகிறதா, ஃபயர்வால் 445-ஆம் போர்ட்டை மறிக்கிறதா என்று பாருங்கள். அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் 'டெஸ்ட்பார்ம்' கட்டளை காட்டிவிடும்.

3. ஆள்: கடவுச்சொல்லை ஏற்கவில்லையா? தனியாக இயங்கும் சாம்பா சர்வர் தன் கடவுச்சொற்களைத் தனியே வைத்திருக்கும். லினக்ஸில் கணக்கு இருந்தால் மட்டும் போதாது. 'எஸ்எம்பி பாஸ்வேர்ட்' கட்டளையால் அங்கும் சேர்க்க வேண்டும்.

4. அறை: உள்ளே நுழைந்தும் "அனுமதி மறுப்பு" என்றால், சாம்பா அனுமதித்தும் லினக்ஸ் ஃபோல்டர் மறுக்கிறது. இரண்டும் சம்மதித்தால்தான் திறக்கும். தேவையானவர்களை ஒரு குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு மட்டும் உரிமை கொடுங்கள்.

பழைய கணினி இணையவில்லை என்பதற்காக, எஸ்எம்பி முதல் பதிப்பை மீண்டும் இயக்காதீர்கள். 2017 ஜூன் 27 அன்று உலகெங்கும் பரவிய நாட்பெட்யா, அந்தப் பழைய பதிப்பின் ஓட்டையையும் ஒரு வழியாகப் பயன்படுத்தியது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்தில் சரக்குப் பணி முடங்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது!

பிறர் வீட்டில் நுழையும் முன் அனுமதி கேட்கும் ஒழுக்கத்தை சூரா அந்நூரின் 27-ஆம் வசனம் கற்பிக்கிறது. அந்த ஒழுக்கம் ஃபோல்டருக்கும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். ஒரு பெண்ணின் தலாக் விவரமும், ஜகாத் பெற்ற ஏழையின் பெயரும் யாரும் திறந்து பார்க்கும் இடத்தில் கிடப்பது அமானிதம் பேணுவதாகாது.

உங்கள் மஹல்லா கணினியில் எந்த ஃபோல்டர் யாருக்குத் திறந்திருக்கிறது? நிர்வாகிகள் இந்த வாரமே பார்க்கட்டும். முக்கியக் கோப்புகளின் நகல் ஒன்றை, நெட்வொர்க்கில் இணைக்காத தனி வட்டில் வைக்கட்டும்.

அமானிதங்களைப் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.