உறைந்த கறிக்கு மதிப்பெண் போடுவோமா?

மாலை ஆறு மணி. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் பட்டாசு ஆலைப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. நாள் முழுவதும் வேலை செய்து களைத்த தாய்மார்கள் இறங்குகிறார்கள். இனிமேல்தான் வீட்டில் உலை வைக்க வேண்டும். கறிக்கடைக்குப் போய் நின்று, வாங்கி, கழுவி, நறுக்கிச் சமைக்க நேரம் எங்கே இருக்கிறது?

இதனால்தான் கடைத்தெருவில் கண்ணாடி மூடியிட்ட ஃபிரீசர் பெட்டிகள் பெருகி வருகின்றன. கோழித்துண்டு, கொத்துக்கறி, நக்கெட், சாசேஜ் என்று எல்லாமே கல்லைப்போல் உறைந்து பொட்டலமாகக் கிடைக்கின்றன. எண்ணெயில் போட்டால் பத்து நிமிடத்தில் சாப்பாடு தயார். ஆனால், “அது பழைய கறி, உடம்புக்கு ஆகாது” என்கிறார் பாட்டி. “இல்லை, அதுதான் சுத்தமானது” என்கிறார் அண்ணன். யார் சொல்வது சரி?

மாணவ நண்பர்களே, இந்த வழக்கில் நீங்களே நீதிபதியாகலாம். ஒரு தராசு, ஒரு கடிகாரம், உங்கள் மூக்கு, நாக்கு இவையே போதும். முதலில் உறைந்த கறிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

கறிக்குள் இருக்கும் தண்ணீர்

கொழுப்பு நீக்கிய கறியில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு தண்ணீர்தான். கறி மிருதுவாக இருப்பதற்கும் அதுவே காரணம், விரைவில் கெட்டுப்போவதற்கும் அதுவே காரணம். பாக்டீரியாக்கள் வாழவும் பெருகவும் தண்ணீர் வேண்டும். எனவே கறியைக் கெடாமல் காக்க வேண்டுமானால், அந்தத் தண்ணீர் பாக்டீரியாக்களுக்குக் கிடைக்காதபடி செய்துவிட வேண்டும்.

இதற்கு நம் ஊரில் ஒரு பழைய வழி உண்டு. வெள்ளாட்டுக் கறியைச் சிறு துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, நூலில் கோத்து, வெயிலில் கொடி கட்டிக் காயவைப்பார்கள். அதுவே உப்புக்கண்டம். கொடிக்கறி என்றும் சொல்வதுண்டு. உப்பு கறியிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. எஞ்சிய நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெயிலும் வறண்ட காற்றும் மீதி வேலையை முடிக்கின்றன.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அத்தொழிலும் பின்னர் பட்டாசும் இங்கே வேரூன்ற மழை குறைந்த இந்த வறண்ட வானிலை பெரிதும் உதவியது. ஈரம் பட்ட பட்டாசு நமத்துப்போகும் அல்லவா? பட்டாசைக் காயவைக்கும் அதே வெயில்தான் உப்புக்கண்டத்தையும் காயவைக்கிறது.

இரண்டாவது வழி உறையவைப்பது. பனிக்கட்டியாகிவிட்ட தண்ணீரைப் பாக்டீரியாவால் பயன்படுத்த முடியாது. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அதன் பெருக்கம் அடியோடு நின்றுவிடும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அங்கே பாக்டீரியாக்கள் எல்லாம் சாவதில்லை. பல உறங்கிக் கிடக்கின்றன. கறி உருகினால் அவை மறுபடி விழித்துக்கொள்ளும்.

சிறு படிகமும் பெரும் படிகமும்

1882ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘டுனெடின்’ என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்திலிருந்து ஏறத்தாழ 5,000 ஆட்டுடல்களை உறையவைத்து ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. வெப்பமண்டலக் கடலைத் தாண்டி, மூன்று மாதத்திற்கு மேல் பயணம் செய்து லண்டனை அடைந்தது. கறி கெடவில்லை! உறைந்த கறியின் உலக வாணிபம் வேகம் பிடித்தது அதன் பிறகுதான்.

கெடாமல் இருப்பது வேறு, சுவையாக இருப்பது வேறு. மெதுவாக உறைந்த கறி, உருகும்போது சாற்றை இழந்து சக்கையாகிவிடும். இதற்கு விடை கண்டவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1912க்குப் பின் சில ஆண்டுகள் அவர் கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழ்ந்தார். அங்குள்ள மக்கள் கடுங்குளிரில் பிடித்த மீன் நொடிப்பொழுதில் உறைந்தது. பல நாள் கழித்துச் சமைத்தபோதும் அது புது மீனைப்போலவே ருசித்தது. வேகத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று அவர் உணர்ந்தார்.

காரணம் எளிது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. மெதுவாக உறைந்தால் தசை இழைகளுக்கு நடுவே பெரிய, கூரிய பனிப்படிகங்கள் வளர்ந்து செல் சவ்வுகளைக் கிழிக்கின்றன. விரைவாக உறைந்தால் எண்ணற்ற சிறு படிகங்களே உண்டாகும், சேதம் குறைவு. கிழிந்த செல்லிலிருந்து வடியும் சாற்றைப் பலர் இரத்தம் என்று எண்ணுவார்கள். அது இரத்தமன்று, தண்ணீரும் புரதமும் மயோகுளோபின் என்ற சிவப்பு நிறமியும் கலந்த நீர். அந்தச் சாறுதான் நம் சோதனைக்கு அளவுகோல்.

சோதனைக்குத் தயாரா?

மூன்று வகை வாங்கிக்கொள்ளுங்கள்: அன்று வெட்டிய எலும்பில்லாத கோழிக்கறி, உறைந்த எலும்பில்லாத கோழித்துண்டு, நக்கெட் போன்ற பாதி சமைத்த பண்டம். ஒவ்வொரு சோதனைக்கும் 5 மதிப்பெண். அடுப்பு வேலைக்குப் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

சோதனை 1: பொட்டலம். காலாவதி நாள், அசைவத்தைக் காட்டும் பழுப்பு முக்கோணம், 14 இலக்க உரிம எண், சேமிக்க வேண்டிய வெப்பநிலை இவை இருக்கின்றனவா? பொட்டலத்தைக் குலுக்குங்கள். துண்டுகள் தனித்தனியே உருண்டால் நல்லது. எல்லாம் ஒரே பாறையாக ஒட்டி, உள்ளே பனிக்கட்டிச் சில்லுகள் மண்டியிருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கக்கூடும். கறியில் வெளுத்து உலர்ந்த திட்டுகள் தெரிகின்றனவா? காற்றுப் புகுந்ததால் பனி நேராக ஆவியாகிவிட்டது. பாடப் புத்தகத்தில் படித்த பதங்கமாதல்தான் இது. உண்பதால் கெடுதல் இல்லை. ருசி மட்டும் குறையும்.

சோதனை 2: வடிந்த சாறு. பொட்டலத்தோடு ஃபிரிஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து உருகவிடுங்கள். சாற்றை வடித்துவிட்டுக் கறியை நிறுங்கள். 500 கிராம் கறி 470 கிராமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 30 கிராம், அதாவது 6 சதவீதம். 2 சதவீதத்திற்குள் என்றால் 5 மதிப்பெண். அதற்குமேல் ஒவ்வொரு 2 சதவீதத்திற்கும் ஒரு மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

சோதனை 3: வெந்தபின் எடை. மூன்றையும் ஒரே அளவு எண்ணெயில் சமையுங்கள். கறிக்கு உப்பும் மஞ்சளும் மட்டும் போதும். மசாலா வேண்டாம், அது எல்லாக் குறையையும் மறைத்துவிடும். உள்ளே சிவப்பு இல்லாமல் நன்றாக வேகட்டும். 470 கிராம் கறி வெந்தபின் 330 கிராம் ஆனால், நீங்கள் உண்பது அந்த 330 கிராம்தான். எடை குறைவாக இழந்ததற்கு அதிக மதிப்பெண்.

சோதனை 4: சுவை. சமைத்தவர் மதிப்பெண் போடக்கூடாது. புதுக் கறிக்கும் உறைந்த கறிக்கும் வேறுபாடு தெரிகிறதா என்று பார்க்க ஓர் அழகான முறை உண்டு. மூன்று தட்டுகளில் இரண்டில் ஒரே கறி, ஒன்றில் மட்டும் வேறு கறி. எந்தத் தட்டு வேறு என்று சுவைப்பவர் கண்களை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். எனவே ஆறு பேரில் இரண்டு பேர் கண்டுபிடித்தால் அது வெற்றியன்று. ஐந்து பேர் கண்டுபிடித்தால்தான் உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறது என்று கொள்ளலாம். உணவு ஆராய்ச்சிக்கூடங்களிலும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். பிறகு மென்மைக்கும் ருசிக்கும் மதிப்பெண் இடுங்கள்.

சோதனை 5: விலை. பொட்டலம் 198 ரூபாய், வெந்த கறி 330 கிராம் என்றால், 100 கிராமுக்கு விலை 60 ரூபாய். மூன்றுக்கும் இப்படிக் கணக்கிடுங்கள். நக்கெட்டில் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. எடை அதிகம் குறையாததால் மூன்றாம் சோதனையில் அது முந்தக்கூடும். பொட்டலத்தின் பின்புறம் படியுங்கள். மாவு, ரொட்டித்தூள், எண்ணெய் எல்லாம் போகக் கறி எத்தனை சதவீதம்? அதற்கு மட்டும் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

வெடியுப்பும் சாசேஜும்

உறைந்த சாசேஜ் வெந்த பின்னும் இளஞ்சிவப்பாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பொட்டலத்தில் 250 அல்லது 252 என்ற எண்ணைத் தேடுங்கள். 250 என்பது சோடியம் நைட்ரைட். 252 என்பது பொட்டாசியம் நைட்ரேட், அதாவது நம் பட்டாசுத் தொழிலுக்கு நன்கு பழக்கமான வெடியுப்பு! பட்டாசில் அது எரிவதற்கு ஆக்சிஜன் தருகிறது. கறியில் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் மயோகுளோபினோடு சேர்ந்து நிறத்தைக் காக்கிறது; கொடிய நச்சை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவையும் தடுக்கிறது.

உணவில் இதை மிகச் சிறிய, சட்டம் அனுமதித்த அளவிலேயே சேர்ப்பார்கள். ஆலைப் பொருள் எதையும் சமையலறைக்குள் கொண்டுவருவது பேராபத்து. அன்றியும், பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் வகைப்படுத்தியது. எனவே சாசேஜ் எப்போதாவது இருக்கட்டும், அன்றாடம் வேண்டாம்.

காலையில் எடுத்து வைத்த பொட்டலம்

எல்லாவற்றிலும் முக்கியமான பாடம் இதுதான். வேலைக்குப் போகும் அவசரத்தில் பலர் உறைந்த பொட்டலத்தைக் காலையில் வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள், மாலைக்குள் உருகிவிடும் என்று. நம் ஊர் வெயிலில் காலை பத்து மணிக்கே அதன் வெளிப்புறம் உருகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தகுந்த வெப்பத்தில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும். மாலை ஐந்து மணிக்குள் 21 முறை! 2ஐ 21 முறை பெருக்கிப் பாருங்கள்: 20,97,152. ஒன்றாக இருந்தது இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. சமைத்தால் பாக்டீரியா செத்துவிடும். ஆனால் சில வகை வெளியிட்ட நச்சு, கொதிக்கவைத்தாலும் அழியாது. வாசனையாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

எனவே முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டீர்களா? மாலையில் பொட்டலத்தை நீர் புகாத பையில் கட்டி, குளிர்ந்த நீரில் மூழ்கவிடுங்கள். நண்பகல் வெயிலில் காய்ந்த மேல்தொட்டித் தண்ணீர் உதவாது. மண்பானைத் தண்ணீரில் சில ஐஸ் கட்டிகளைப் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை மாற்றினால் அரைக் கிலோ கறி ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ உருகிவிடும். உருகியதும் உடனே சமைத்துவிடுங்கள். நக்கெட்டை மட்டும் உருகவிடாமல், பொட்டலத்தில் சொல்லியபடியே பொரியுங்கள்.

மின்வெட்டுக்கு ஒரு காவலாளியும் வையுங்கள். சிறு கிண்ணத்தில் நீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃபிரீசரிலேயே விட்டுவிடுங்கள். வெளியூர் சென்று திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தக் கறியைச் சமைக்காதீர்கள்.

தீர்ப்பு யாருக்கு?

பாட்டி சொன்னதிலும் உண்மை உண்டு, அண்ணன் சொன்னதிலும் உண்டு. வெட்டிய சூட்டோடு வாங்கி உடனே சமைத்த கறி சிறந்ததே. ஆனால் நண்பகல் வரை வெயிலில் தொங்கிய கறியைவிட, ஒழுங்காக உறைந்து ஒழுங்காக உருகிய கறி பாதுகாப்பானது. சாறு அதிகம் வடிந்ததைக் குழம்பில் போடலாம்; குறைவாக வடிந்ததை வறுவலுக்கு வைத்துக்கொள்ளலாம். நாணயம் மூழ்கிக் கிடந்த நாளில் வாங்கிய விலையை நினைத்து வருந்தாமல் தூர எறிவதே அறிவுடைமை.

ஐந்து சோதனைக்கும் கட்டம் போட்டு, 25க்கு எத்தனை என்று எழுதுங்கள். தாளை ஃபிரிஜ் கதவிலேயே ஒட்டி வையுங்கள். மாலை ஆறு மணிக்குக் களைத்து வரும் அம்மாவுக்கு எந்தப் பொட்டலத்தை வாங்குவது, எப்போது வெளியே எடுப்பது என்று சொல்ல இனி அந்த வீட்டில் ஒரு விஞ்ஞானி இருக்கிறார்.