பழைய காருக்கு எந்தப் பெட்ரோல், எந்தப் பாட்டில்?

எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்க்குகளில் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. புதிய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு அது ஒரு நாள் செய்தி. அம்பாசிடரையோ பிரீமியர் பத்மினியையோ, சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ இன்றும் ஓட்டிக் காப்பாற்றி வருபவர்களுக்கு அது தீராத கவலை. அந்தக் கார்களை வடிவமைத்தவர்கள் நம்பியிருந்த பெட்ரோல் வேறு. இன்று பங்க்கில் பிடிக்கும் பெட்ரோல் வேறு.

இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதாகச் சொல்லி ஆக்டேன் பூஸ்டர், ஈய மாற்று, எத்தனால் பாதுகாப்பு, இன்ஜெக்டர் கிளீனர் என்று உதிரிபாகக் கடைகளில் பாட்டில்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இவற்றில் சில உண்மையிலேயே உதவும். வேறு பல பாட்டில்கள் சில வண்டிகளுக்குத் தேவையே இல்லை. எதை வாங்குவது என்பதை முடிவு செய்யும் விவரம் பாட்டிலின் லேபிளில் இல்லை. சிலிண்டர் ஹெட் எந்த உலோகம், கம்ப்ரஷன் எவ்வளவு, பெட்ரோல் ஹோஸ் எந்த ரப்பர் என்பதில்தான் இருக்கிறது.

ஈயம் செய்த இரண்டாவது வேலை

1921 டிசம்பரில், அமெரிக்காவின் டேட்டன் நகரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு ஒன்றைக் கண்டுபிடித்தது: டெட்ராஎத்தில் ஈயத்தை மிகச் சிறிய அளவில் பெட்ரோலில் சேர்த்தால் இன்ஜின் 'நாக்' அடிப்பது, அதாவது பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது, நிற்கிறது. 1923-இல் அந்தப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது.

'நாக்'கைத் தடுக்கச் சேர்த்த ஈயம் இன்னொரு வேலையையும் செய்தது. எரிந்தபின் உண்டாகும் ஈய உப்புகள் எக்ஸாஸ்ட் வால்வின் மீதும் அது வந்து அமரும் சீட்டின் மீதும் மெல்லிய படலமாகப் படிந்தன. அந்தப் படலம் இல்லாவிட்டால், கடும் சூட்டில் வால்வும் மென்மையான வார்ப்பிரும்புச் சீட்டும் நுண்புள்ளிகளில் ஒட்டிக்கொண்டு பிய்யும். நாளடைவில் சீட் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் உள்வாங்கிப் போகும்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனை முற்றிலும் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. எனவே சிறு விமானங்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோலைத் தேடிப்பிடித்துக் காரில் ஊற்றும் யோசனை யாருக்காவது வந்தால் அதைக் கைவிடுவதே நல்லது. காரின் புகை போவது நாம் நடக்கும் தெருவுக்குத்தான்.

எல்லாப் பழைய இன்ஜினுக்கும் ஈய மாற்று வேண்டுமா? வேண்டாம். பத்மினியின் ஃபியட் இன்ஜினில் ஹெட் அலுமினியம். அலுமினியத்தில் நேரடியாகச் சீட் வெட்ட முடியாது என்பதால், தனியாக உலோக வளையம் பதித்திருப்பார்கள். அதனால் அங்கே ஆபத்து குறைவு. அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினுக்கும் ஹெரால்டின் 948 சிசி இன்ஜினுக்கும் ஹெட் வார்ப்பிரும்பு. யோசிக்க வேண்டியவர்கள் இவற்றின் உரிமையாளர்கள்தான். அவர்களிலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலைவரை மெதுவாகப் போய்வரும் காருக்குத் தேய்மானம் மிகக் குறைவு. நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக வேகமாக ஓடும் காருக்கே அதிகம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. எக்ஸாஸ்ட் வால்வுகளின் டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து எழுதி வைத்துக்கொண்டு, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் அளக்க வேண்டும். இடைவெளி அப்படியே இருந்தால் பாட்டில் தேவையில்லை. மீண்டும் மீண்டும் குறைந்துகொண்டே போனால் சீட் உள்வாங்குகிறது என்று பொருள். அப்போது அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது கடினமான சீட் வளையம் பதித்துவிடுவதே நிரந்தரத் தீர்வு. அதுவரை ஈய மாற்றுத் திரவம் கைகொடுக்கும். பாஸ்பரஸ், மாங்கனீஸ், சோடியம், பொட்டாசியம் என்று இவற்றின் மூலப்பொருள் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதையே தொடர வேண்டும். இரண்டு வகையைக் கலக்கக் கூடாது.

விலை கூடினால் வேகம் கூடுமா?

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதல்ல. அழுத்தும்போது தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதையே அது சொல்கிறது. அம்பாசிடரின் பழைய 1489 சிசி இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 7-க்குச் சற்றே அதிகம். ஒரு காலத்தில் 87 ஆக்டேன் பெட்ரோலிலேயே ஓடிய வண்டி அது. இன்றைய சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்தது 91. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்திய 100 ஆக்டேன் பெட்ரோலை அந்த இன்ஜினில் ஊற்றினாலும் ஆக்டேனால் கூடுதல் இழுவை கிடைக்காது. ஆக்டேன் பூஸ்டருக்கும் இதே கதைதான். மேட்டில் ஏறும்போது நாக் அடித்தால் முதலில் பார்க்க வேண்டியவை இக்னிஷன் டைமிங்கும் ஹெட்டில் படிந்த கார்பனும்.

எத்தனால்: உண்மையான சிக்கல்

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதோடு எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், கலவையில் காற்று மிகுந்ததுபோல் ஆகிவிடும். புதிய காரில் சென்சார் அதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் திணறுவது, இன்ஜின் சூடேறுவது எல்லாம் இதன் அடையாளங்கள். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக மாற்றுவதோ, எஸ்.யு. கார்புரேட்டரில் கலவையைச் சற்றுக் கூட்டுவதோதான் மருந்து. இதைச் செய்யும் பாட்டில் எதுவும் இல்லை.

அடுத்தது ரப்பர். பழைய ஹோஸ்கள், பம்ப் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் போன்றவை எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். சூடான இன்ஜின்மீது ஒரு சொட்டுப் பெட்ரோல் கசிந்தால்கூடத் தீப்பிடிக்கலாம். நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பிறகு சில பழைய வாகனங்களில் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. உள்பக்கம் ஃப்ளோரோ ரப்பர் பூசிய, எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸைக் கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்களில் பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நிற்கும் காரில் தண்ணீர் ஓரளவைத் தாண்டியதும், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்க் துருப்பிடிப்பது அங்கேதான். துரு தடுப்பான் சேர்ந்த ஸ்டெபிலைசர் இந்த இடத்தில் காசுக்குத் தகுந்த பொருள். ஆனால் புதிய பெட்ரோல் நிரப்பும்போதே ஊற்ற வேண்டும். ஏற்கெனவே பிரிந்துவிட்ட பெட்ரோலை எந்தத் திரவத்தாலும் மீட்க முடியாது, வடித்துவிட வேண்டியதுதான்.

பிரிட்டன் 2021-இல் 10 சதவீத எத்தனால் பெட்ரோலைப் பொதுவாக்கியபோது, பழைய வாகனங்களை மனதில்கொண்டு 5 சதவீத வகையையும் சூப்பர் பெட்ரோலாக விட்டுவைத்தது. அப்படியொரு தனிவகை நம் பங்க்குகளிலும் இருந்தால் இந்தக் கவலையில் பாதி தீரும். அதைக் கேட்பது நியாயமான கோரிக்கை.

எதை முதலில் செய்வது?

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி, நெருப்பு அண்டாத திறந்தவெளியில் வைக்க வேண்டும். அடியிலிருக்கும் தண்ணீர் மட்டம் 10-ஐத் தாண்டி எவ்வளவு ஏறுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு எத்தனால் பெட்ரோலிலிருந்து இறங்கியிருக்கிறது.

பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஆக்டேனைக் குறைத்துக் கார்பனைக் கூட்டும். இன்ஜெக்டர் கிளீனருக்கு, இன்ஜெக்டரே இல்லாத காரில் பெரிய வேலை கிடையாது. கையிலிருக்கும் பணத்தில் முதல் செலவு புதிய ஹோஸுக்கும் பம்ப் டயாஃப்ரத்துக்கும் போகட்டும். இரண்டாவது கார்புரேட்டர் ட்யூனிங். மூன்றாவது, கார் அதிகம் நிற்குமானால், ஸ்டெபிலைசர். டேப்பட் அளவு தொடர்ந்து குறைந்தால் மட்டும் நான்காவதாக ஈய மாற்று.