480 நாட்கள்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மலையை நோக்கி மேற்கே சென்றால், அம்பாசமுத்திரத்தைக் கடந்ததும் விக்கிரமசிங்கபுரம் வரும். தாமிரபரணியின் நீர்விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் அங்கே நூற்பாலை நிறுவியது 1880களில். ‘ஆலை வேலை’ என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் தனி மதிப்பு ஏற்பட்டது அதன் பின்னரே. ஆயினும் ஆலைக்குள் நுழைந்தோர் அனைவரும் ஒரே நிலையினர் அல்லர். நிரந்தரத் தொழிலாளி ஒருவர். அவர் வராத நாளில் அவர் இடத்தில் நிற்கும் ‘பதிலி’ மற்றொருவர். இருவரும் நூற்பது ஒரே நூலைத்தான். நாளை வேலை உண்டா என்ற கவலை மட்டும் பதிலிக்கே உரியது.

மாணவர்களே, தற்காலிகப் பணியாளருக்கு உரிமையே கிடையாது என்று படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பிழை. குறைந்தபட்சக் கூலி அவருக்கும் உண்டு. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும் நிறுவனத்தில் அந்நிதியும் உண்டு. அவருக்கு இல்லாதது வேலையின் உறுதி.

அவ்வுறுதியைத் தருவதற்கென்றே தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தொழில் நிறுவனம் ஒன்றில் 24 காலண்டர் மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். பதிலித் தொழிலாளியும் இதில் அடங்குவார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாட்கள் என்க.

எண்ணிக்கை ஒன்று வந்துவிட்டால் அதை எட்டவிடாமல் தடுக்கும் உபாயமும் உடன் வந்துவிடும். என் பழைய மாணவர் ஒருவர், ஓர் ஆலையின் கூலிச் சீட்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் பரப்பினார். எண்ணிப் பார்த்தோம். நடுவில் இரண்டு மாதங்களுக்குச் சீட்டே இல்லை. “அப்போது உன் இடத்தில் யார் நின்றது?” என்று கேட்டேன். “என் மைத்துனன்தான் சார்” என்றார்.

சட்டம் இயற்றியவர்கள் இதை எதிர்பார்த்தே இருந்தார்கள். மூன்று மாதங்களுக்கு மேற்படாமல் ஒருவரை நிறுத்திவைத்து, அக்காலத்தில் அவர் இடத்தில் வேறொருவரை அமர்த்தியிருந்தால், முன்னவரது பணித் தொடர்ச்சி அறுந்ததாகாது என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பகுதி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வழக்கின் பெயரிலேயே நம் மாவட்டம் இருக்கிறது: தமிழ்நாடு அரசு எதிர் நெல்லை காட்டன் மில்ஸ். 1990இல் உச்ச நீதிமன்றம் அப்பகுதி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. எளிய ஒரு வாக்கியத்தை நிலைநிறுத்த ஒன்பது ஆண்டுகள்!

கட்டடம், பாலம், சாலை, அணை ஆகிய கட்டுமானப் பணிகளில் உழைப்போருக்கு இச்சட்டம் பொருந்தாது. அது எனக்கு உடன்பாடில்லை. அரசுப் பணியின் வழி வேறு. முறையான தேர்வின்றித் தற்காலிகமாக நுழைந்தவர், நெடுநாள் பணியாற்றினார் என்பதற்காக மட்டும் நிரந்தரம் கோர முடியாது என்று உமாதேவி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கேட்பதற்குக் கடுமைதான். எனினும் அந்த இடத்திற்காக விண்ணப்பித்துக் காத்திருக்கும் இளைஞனுக்கும் அரசியல் சாசனம் சமவாய்ப்பை வாக்களித்திருக்கிறதே!

நாட்களை மெய்ப்பிப்பது யார் பொறுப்பு என்ற கேள்வியும் உண்டு. ஓர் ஆண்டில் 240 நாட்கள் உழைத்ததாகச் சொல்லும் தொழிலாளியே அதற்குச் சான்று காட்ட வேண்டும் என்று, வேறொரு சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. என் மாணவர் தம் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, மைத்துனரின் சீட்டுகளையும் வாங்கி வருவதாகச் சொல்லிப் போனார்.