விளக்கு விற்றுத் திரட்டிய நிதி



பொதுக் காரியத்துக்குப் பொருள் திரட்டுவது நம் நாட்டுக்குப் புதிது அன்று. கோயில் திருப்பணிக்கும் குளம் வெட்டுவதற்கும் ஊர்ப் பெரியவர்கள் வீடு வீடாகச் சென்று நெல்லும் பணமும் சேர்த்திருக்கின்றனர். இது நன்கொடை முறை. வாங்குவோருக்குப் பயன்படும் ஒரு பொருளை விற்று, அதில் கிடைக்கும் ஊதியத்தைப் பொதுப் பணிக்கு ஒதுக்குவது மற்றொரு முறை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல ஊர்களில் அரிமா சங்கத்தினர் மின்விளக்குகளை வீடு வீடாக விற்று, பார்வை இழந்தோர் நலனுக்குப் பணம் சேர்த்தனர். 1925ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு வேண்டினார். அது முதல் கண்ணொளி காக்கும் பணி அவர்களுடைய தனிப்பணி ஆயிற்று. அதற்காக அவர்கள் விளக்கை விற்றது மிகப் பொருத்தமே அன்றோ?

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் விளக்குகள் வந்த பிறகு, இம்முறை மேலும் சிறப்புற்றது. விற்பவருக்கு நிதி, வாங்குபவருக்குச் சேமிப்பு, நாட்டுக்கு மின்சாரம் என்று மூவரும் பயன் அடையலாம். ஆனால் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது. நான் ஒருமுறை குழப்பினேன். அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் விளக்கின் இயல்பைப் பார்ப்போம். பழைய குண்டு பல்பில் மெல்லிய டங்ஸ்டன் இழை ஒன்று உண்டு. மின்சாரம் பாயும்போது அது வெண்ணிறமாகும் அளவுக்குக் காய்ந்து ஒளி தருகிறது. செலவாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகப் போகிறது. நூற்றில் ஐந்து பங்கு அளவே ஒளியாகிறது. எல்.இ.டி. விளக்கில் இழை இல்லை. குறைகடத்தி ஒன்றில் மின்னணுக்கள் ஆற்றல் மிகுந்த நிலையிலிருந்து குறைந்த நிலைக்கு இறங்கும்போது, அந்த ஆற்றல் நேரே ஒளியாக வெளிப்படுகிறது. நீல ஒளி தரும் குறைகடத்தியின்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சு ஒன்றை அமைத்தால், இரண்டும் கலந்து வெள்ளொளி கிடைக்கும். திறம் மிக்க நீல ஒளியைப் பெற வழி கண்ட அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 60 வாட் குண்டு பல்பு தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழத் தந்துவிடுகிறது.

2017ஆம் ஆண்டில் நான் காவிரிக் கரையில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தேன். நூலகத்துக்கு அலமாரிகளும் நூல்களும் தேவைப்பட்டன. மாணவர்கள் விளக்கு விற்க முன்வந்தனர். மொத்த விலையில் ஒன்று 75 ரூபாயாக 200 விளக்குகள் வாங்கினோம். விற்பனை விலை 100 ரூபாய். எல்லாம் விற்றால் 5,000 ரூபாய் மிஞ்சும்.

நானே கரும்பலகையில் கணக்கை எழுதினேன். ஒரு விளக்கு நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிகிறது. பழைய பல்புக்கு 300 வாட்-மணி, புதியதற்கு 45. மிச்சம் 255. மின்கணக்கு எடுக்கும் அறுபது நாளுக்கு 15.3 யூனிட். யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று கொண்டால் ஏறக்குறைய 46 ரூபாய். ஐந்து மாதத்துக்குள் விளக்கின் விலை திரும்பிவிடும். மாணவர்கள் இதனை மனப்பாடம் செய்துகொண்டு புறப்பட்டனர்.

இரண்டாம் நாள் மாலை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வாடிய முகத்துடன் வந்தான். ஆற்றங்கரைத் தெருவில் தனியே வாழும் ஒரு பாட்டியிடம் அவன் கணக்கைச் சொல்லியிருக்கிறான். அவர் மின்கட்டண அட்டையை எடுத்துக் காட்டி, “எனக்குத்தான் கரண்டு பில்லே வரதில்லையே, ராசா! இல்லாததை எப்படிக் குறைப்பே?” என்று கேட்டிருக்கிறார்.

நான் திகைத்துப் போனேன். 2016ஆம் ஆண்டு மே மாதம் முதல், வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணம் வாங்கப்படவில்லை. பாட்டியின் வீட்டில் எரிவன இரண்டு விளக்குகள். சுழல்வது ஒரு மின்விசிறி. அவர் நூறு யூனிட்டைத் தாண்டுவதே இல்லை. அவர் சேமித்தாலும் அவருக்கு ஒரு காசும் மிஞ்சாது. கணக்குக் கூட்டலில் பிழை இல்லை. கணக்கு யாருடையது என்பதை நான் கேட்கவில்லை.

அதற்குள் நாற்பது விளக்குகள் விற்றுவிட்டன. மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். “விற்றது விற்றதுதானே, ஐயா? நூலகத்துக்குத்தானே போகிறது?” என்று ஒருவன் கேட்டான். நல்ல காரியம் என்பதற்காகச் சொன்ன பொய் நல்லது ஆகிவிடாது என்றேன். வாங்கிய வீடுகளுக்கெல்லாம் மாணவர்களோடு நானும் சென்றேன். மின்கட்டண அட்டையைப் பார்த்து, நூறு யூனிட்டுக்குள் இருந்தவர்களிடம் உண்மையைச் சொல்லி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தோம். பதினொரு வீட்டார் விளக்கைத் திருப்பித் தந்தனர். மற்றவர்கள், “பிள்ளைகள் படிக்கட்டும்” என்று வைத்துக்கொண்டனர்.

அதன் பின்னர் இரண்டு விதமாகப் பேசக் கற்றோம். கட்டணம் செலுத்தும் வீட்டில், “உங்கள் பணம் மிஞ்சும்” என்றோம். கட்டணம் இல்லாத வீட்டில், “உங்களுக்குப் பணம் மிஞ்சாது. ஆனால் இலவச மின்சாரத்துக்கு அரசு பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்கிறது. நீங்கள் குறைத்தால் அந்தச் செலவும், அனல் மின்நிலையத்தில் எரியும் நிலக்கரியும் சிறிது குறையும். இஃது ஊருக்கு நீங்கள் செய்யும் உதவி” என்றோம். முன்னது வாணிகம், பின்னது வேண்டுகோள். வேண்டுகோளை வாணிகம் போலக் காட்டுவதுதான் ஏமாற்று.

திருப்பி வந்த பதினொன்றும் போக, 189 விளக்குகள் விற்றன. 3,900 ரூபாய் மிஞ்சியது. எஞ்சியவற்றை வகுப்பறைகளில் மாட்டினோம். விற்பனை முடிந்த நாளன்று அந்தப் பாட்டி பள்ளிக்கே வந்தார். விளக்கு வாங்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் எடுத்து, “இது பொஸ்தகத்துக்கு” என்று அம்மாணவன் கையில் வைத்தார். அந்தப் பத்து ரூபாயை நிதிக் கணக்கின் முதல் வரியில் எழுதச் சொன்னேன்.

மாணவர்களே, நீங்களும் ஒரு நாள் பொதுப் பணிக்காகப் பொருள் விற்கச் செல்லலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கதவைத் தட்டும் முன், அந்த வீட்டாருக்கு இதனால் உண்மையில் என்ன பயன் என்று கேட்டுப் பாருங்கள். பயன் உண்டாயின் அதனைச் சொல்லுங்கள். இல்லையாயின் அதனையும் சொல்லுங்கள். நிதி சிறிது குறையலாம். ஆனால் மறுமுறை அதே கதவைத் தட்டும்போது, அது உங்களுக்குத் திறக்கும்.